எல்லோரும் விலகிப் போகிறார்கள், என்னைத் தலைமைக்கு அழைக்கிறார்கள்

அமெரிக்காவில் டாலஸ் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தாளவாத்திய ஆசிரியராக இருக்கும் 32 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

ஏழாம் வகுப்புவரை திருச்சியில் படித்தவர். அப்பாவின் வேலை காரணமாக டெக்சாஸ் போன பிறகு, பள்ளி மார்ச்சிங் பேண்டில் ஸ்னேர் டிரம் வாசிக்கக் கற்று, கல்லூரி நாட்களில் ஒரு டிரம் கோரில் சேர்ந்தார். இந்த உலகம் நம்மில் பலருக்குப் புதிது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் பித்தளை ஊதுகருவிகள், டிரம்கள், கொடிகளோடு இளைஞர்கள் வாசித்துக்கொண்டே நடந்தும் ஓடியும் காட்டும் பத்துப் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி அது. பெரிய குழு ஒன்றில் 150 பேருக்கு மேல் இருப்பார்கள். 22 வயதுக்குள் இருக்க வேண்டும். சில ஆயிரம் டாலர் கட்டணமும் கட்ட வேண்டும். மே மாதம் முகாம், ஜூன் கடைசியிலிருந்து ஊர் ஊராகப் பஸ் பயணம், ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. கோடை முழுக்கப் படுக்கை பள்ளிக்கூட ஜிம்களின் தரையில்தான்.

நம் வாசகி ஒன்பது கோடைகளாக ஒரு கோரில் பயிற்சியாளர். இப்போது தாளப் பிரிவு முழுவதற்கும் பொறுப்பான காப்ஷன் ஹெட். மூன்று ஆண்டுகளில் அங்கே இரண்டு இயக்குநர்கள் மாறிவிட்டார்கள். ஊதுகருவிப் பிரிவின் தலைவரும் அணிநடைப் பிரிவின் தலைவரும் போய்விட்டார்கள். இந்த ஆண்டு இறுதிப் போட்டி முடிந்த மறுவாரமே இவருடைய ஆறு டெக்குகளில் (இவருக்குக் கீழ் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பயிற்சி தருபவர்கள்) நான்கு பேர் 'அடுத்த வருஷம் வரவில்லை' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். புதிய இயக்குநர் இவரை ஜனவரியிலிருந்து முழுநேர நிகழ்ச்சி இயக்குநராக அழைக்கிறார். 'நீங்க இருந்தா மத்தவங்களும் திரும்பி வருவாங்க' என்கிறாராம். சம்பளம் பள்ளிச் சம்பளத்தைவிடக் குறைவு. முதல் வருடம் மருத்துவக் காப்பீடு கிடையாது.

கடிதத்தில் என்னை நிறுத்திய வரிகள் இவை: "ஜூலையில் ஒருநாள் ராத்திரி ரிஹர்சலில் ஒரு பத்தொன்பது வயசுப் பையனை எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் அழுதான். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வண்டியில் உட்கார்ந்த பிறகுதான், ஒன்றும் தோன்றவில்லையே என்று பயந்தேன்."

இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறார். வெயிலில் பயிற்சி நடக்கும்போது பதினேழு வயதுப் பையன் ஒருவன் தலை சுற்றுகிறது என்றான். 'இந்த ஒரு தடவை முடிச்சிட்டு உட்காரு' என்றார் மூத்த பயிற்சியாளர் ஒருவர். பையன் விழுந்துவிட்டான். தண்ணீர் கொடுத்து நிழலில் உட்கார வைத்தார்கள், எழுந்துவிட்டான். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, பெற்றோருக்கும் சொல்லவில்லை. 'சொன்னால் கோர் பெயர் கெடும்' என்று இவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

ஆகஸ்டிலிருந்து தூக்கமில்லை, காதில் எந்நேரமும், தாளக் கணக்குக் காட்டும் மெட்ரோனோம் கருவி அடிப்பதுபோல ஒரு சத்தம். 'ஜிம் தரையில படுக்கவா உன்னைப் படிக்க வெச்சோம்' என்கிறார் அம்மா. கணவர், 'கல்யாணமாகி ஒரு கோடைகூட நாம சேர்ந்து இருந்ததில்ல' என்று ஒரே ஒருமுறை சொன்னாராம். வாசகியின் கேள்விகள்: நான் பலவீனமானவளா? இந்தப் பதவியை ஏற்கலாமா? ஒப்பந்த ஆட்களான எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா? அந்தப் பையன் விஷயத்தில் இப்போது என்ன செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மூன்றிலும் யோசிக்க இடமிருக்கிறது, இதில் இல்லை.

விழுந்த பையன்

நடந்ததை இன்றே எழுதுங்கள். தேதி, இடம், தோராயமான நேரம், யார் என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம் கழித்து எழுந்தான், யார் பார்த்தார்கள் என்பதை மட்டும், கருத்து கலக்காமல் எழுதி இயக்குநருக்கும் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். தலை சுற்றல் என்று சொன்ன பிள்ளையை வெயிலில் நிற்க வைப்பது உயிருக்கே ஆபத்து. அவன் எழுந்துவிட்டது அதிர்ஷ்டம். அடுத்த கோடையில் அதே பயிற்சியாளர் அதே வார்த்தையை இன்னொரு பிள்ளையிடம் சொல்லலாம்.

நீங்கள் டெக்சாஸில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் என்பதையும் மறக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை துன்புறுத்தப்பட்டதாகவோ கவனிக்காமல் விடப்பட்டதாகவோ நம்பக் காரணம் இருந்தால், அரசுக்குப் புகார் செய்வது அங்கே எல்லோருக்குமான சட்டக் கடமை. ஆசிரியர்கள் அந்தக் கடமையை மேலதிகாரியிடம் தள்ளிவிட முடியாது. இந்தச் சம்பவம் அந்த வரம்புக்குள் வருமா, அது வேறு மாநிலத்தில் நடந்திருந்தால் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் இந்த ஆலோசனை அங்கேயே கிடைக்கலாம்.

'கோர் பெயர் கெடும்' என்ற பயம் உங்களுக்கு வந்ததில் வியப்பில்லை, அங்கே எல்லோரையும் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பேசாமல் இருந்ததால் எந்தக் கோரும் பிழைத்ததில்லை. 1934-ல் தொடங்கி பத்துமுறை தேசியப் பட்டம் வென்ற கேடட்ஸ் குழுவை நீங்கள் நன்றாக அறிவீர்கள். பல பெண்கள் பல ஆண்டு கால அத்துமீறல்களைப் பத்திரிகையிடம் சொன்ன பிறகு, 2018 ஏப்ரலில் அதன் நெடுநாள் இயக்குநர் விலகினார். பழைய வழக்கும் பணச்சுமையும் சேர்ந்து 2024-ல் குழுவே நின்றுபோனது. உங்கள் சம்பவம் அந்த அளவுக்கானது இல்லை. இருந்தாலும், சின்ன விஷயத்தை எழுதி வைக்கப் பழகாத இடத்தில் பெரிய விஷயமும் வெளியே வராது.

நீங்கள் பலவீனமானவர் இல்லை

1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர் பணியிடச் சோர்வைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னோடு ஊதியமில்லாமல் உழைத்தவர்களிடம் அவர் பார்த்ததே அந்தக் கட்டுரையின் அடிப்படை. சோம்பேறிகளை அவர் பார்க்கவில்லை. வேலையை நேசித்து, நேரம் பார்க்காமல் கொடுத்தவர்கள்தான் சரிந்தார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தத் தொண்டர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் உருப்படியாக எதுவும் முடியவில்லை என்று தோன்றுவது. இதை அது நோய் என்று வகைப்படுத்தவில்லை, சமாளிக்கப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. பையன் அழுதபோது உங்களுக்கு எதுவும் தோன்றாமல் போனது இரண்டாவது அடையாளம். நீங்கள் கல்மனதுக்காரியாகிவிட்டீர்கள் என்று பொருள் இல்லை. பாதி ராத்திரி வரை நடுவர்களோடு கலந்துரையாடல், அதன்பின் ஊழியர் கூட்டம், விடியற்காலையில் பஸ் அடுத்த ஊரில் நிற்கும்போது இறங்கிச் சாமான் இறக்குவது என்று ஏழெட்டு வாரம் போனால் யாருக்கும் இரக்கம் மரத்துப்போகும். பிள்ளைகளுக்காவது தூங்கும் நேரம் என்று ஒன்றை ஒதுக்குகிறார்கள். உங்கள் அட்டவணையில் அது எங்கே இருந்தது என்று தேடிப்பாருங்கள்.

காரணம் புரிகிறது என்பதால் அந்தப் பையனுக்கு நடந்தது சரியாகிவிடாது. கோரின் அதிகாரப்பூர்வ வழியில் அவனுக்கு நாலு வரி எழுதுங்கள்: 'அன்று நான் கத்தியது தவறு, உன் வாசிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.' மன்னிக்கும்படி கேட்க வேண்டாம், அது அவன்மேல் இன்னொரு சுமை.

காதுச் சத்தத்தை மனஅழுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேறு சந்தேகம். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பின்றி ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிட நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. டிரம்லைன் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் எதிரே, மெட்ரோனோம் ஸ்பீக்கர் பக்கத்தில், ஒன்பது கோடைகள் நின்றிருக்கிறீர்கள். பள்ளியிலும் அதே வேலை. செவித்திறன் நிபுணரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கமின்மை ஆகஸ்டிலிருந்து தொடர்வதால் குடும்ப டாக்டரையும் பாருங்கள். வேலையை விட்டுத் தள்ளி இருக்கும்போதும் எதிலும் சந்தோஷமில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் எந்நேரமும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

அவர்கள் ஏன் போனார்கள்

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு அர்ப்பணிப்பு இல்லை' என்று உங்கள் கோரில் பேசிக்கொள்வதாகவும், நீங்களும் பாதி நம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நம்பாதீர்கள்.

கொஞ்சம் பேர் போவது இயல்புதான். பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் முன்னாள் உறுப்பினர்கள். இருபத்து மூன்று வயதில் ஜிம் தரையில் படுத்தவருக்கு முப்பதில் குழந்தை இருக்கும். பள்ளி பேண்ட் முகாம் ஜூலைக் கடைசியிலேயே கூப்பிடும். மதிப்பெண்ணும் ஒரு காரணம். 2014-ல் ப்ளூ டெவில்ஸ் என்ற கோர் நூற்றுக்கு 99.650 வாங்கிய போட்டி இது. தசமப் புள்ளிக்கு அப்பால் இருக்கும் இலக்கங்களில் இடம் மாறுகிறது. ஒரு பிரிவு சறுக்கினால் இலையுதிர் காலத்தில் அந்தப் பிரிவின் தலைவர் மாற்றப்படுவார். இதெல்லாம் எல்லா இடத்திலும் உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: விலகிய நான்கு பேரில் இரண்டு பேர் வேறு கோரில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு டிரம் கோர் சலிக்கவில்லை, தரையும் வெயிலும் பஸ்ஸும் சலிக்கவில்லை. அதே கஷ்டத்தை வேறு ஒருவரின் கீழ் படத் தயாராக இருக்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் விட்டுப்போனது உங்கள் கோரின் தலைமையை.

உளவியல் ஆய்வாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டரும் பணியிடச் சோர்வு முளைக்கும் இடங்களாக ஆறைச் சொல்வார்கள்: வேலைப்பளு, கட்டுப்பாடு, கைம்மாறு, கூட்டுறவு, நியாயம், விழுமியம். எல்லோரும் முதலாவதையே பேசுவார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது இரண்டாவதும் ஐந்தாவதும். ரிஹர்சல் எப்போது முடியும் என்று இரவு ஒன்பதரை மணிக்கு இயக்குநர் ஒருவரே முடிவுசெய்கிறார். பிரிவுத் தலைவரான உங்களுக்கே பிள்ளைகளோடு சேர்த்துத்தான் தெரிகிறது. இயக்குநரின் பழைய நண்பர் வந்த அன்றே உங்களைவிட அதிகச் சம்பளம் பெறுகிறார். எழுபது மணி நேர வாரத்தை அன்பு இருந்தால் தாங்கலாம். தன் கையில் எதுவும் இல்லை, நியாயமும் இல்லை என்றால் நாற்பது மணி நேரம்கூடத் தாங்காது.

இந்தத் தலைமைப் பழக்கத்துக்கு வரலாறு உண்டு. முதல் உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்களின் சங்கங்கள் நடத்திய அணிகளிலிருந்து வளர்ந்த கலை இது. உத்தரவு மேலிருந்து வரும், கீழே கேள்வி கிடையாது. 1972-ல் விஸ்கான்சினில் டிசிஐ (டிரம் கோர் இன்டர்நேஷனல்) என்ற அமைப்பின் முதல் தேசியப் போட்டி நடந்ததிலிருந்து கலை எவ்வளவோ மாறிவிட்டது. நிர்வாகம் அந்த வேகத்தில் மாறவில்லை. 'நாங்க இப்படித்தான் வந்தோம்' என்று சொல்பவர்கள், அப்படி வந்து பாதியில் ஒடிந்து போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உரிமை உண்டா?

'நாங்கள் 1099 ஆட்கள், எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை' என்கிறீர்கள். 1099 என்பது ஊழியராக அல்லாமல் ஒப்பந்ததாரராகப் பணம் பெறுபவர்களுக்குத் தரும் வரிப் படிவம். தாளில் ஒப்பந்ததாரர் என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் ஒப்பந்ததாரர் ஆகிவிடுவதில்லை. எப்போது எழுவது, எங்கே நிற்பது, எதைக் கற்பிப்பது என்று நிறுவனமே முடிவுசெய்தால், சட்டத்தின் கண்ணில் அவர் ஊழியராக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு எஸ்எஸ்-8 படிவம் அனுப்பித் தீர்மானிக்கும்படி கேட்கலாம். வித்தியாசம் சிறியதல்ல: 1099 என்றால் சுயதொழில் வரி 15.3 சதவீதம் முழுக்க உங்கள் தலையில்.

உங்கள் டெக்குகளுக்குக் கோடை முழுவதற்கும் 2,500 டாலர் என்கிறீர்கள். பத்து வாரம், வாரத்துக்கு எழுபது மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு மூன்றரை டாலர் சொச்சம். கூட்டாட்சியின் குறைந்தபட்ச ஊதியம் 7.25 டாலர். ஆனால் உடனே வழக்கு என்று கிளம்ப வேண்டாம். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு அமைப்புகளுக்கும், கல்வி நிறுவன ஆசிரியர்களுக்கும் ஊதியச் சட்டத்தில் விலக்குகள் உண்டு; கோர் அவற்றைக் காட்டி வாதாடும். உங்கள் கோர் நவம்பரிலிருந்தே முகாம் நடத்துவதால் அந்த வாதம் நிற்குமா என்பதைத் தொழிலாளர் வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். சாதாரணமாக இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும், தெரிந்தே மீறியிருந்தால் மூன்று. எனவே பழைய அட்டவணைகளையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

வழக்குக்குப் போகாமலே பயன்படுத்தக்கூடிய ஒன்று: இந்தக் குழுக்கள் பெரும்பாலும் லாபநோக்கற்ற அமைப்புகள் என்பதால் இவை ஆண்டுதோறும் வரவு செலவைக் காட்டும் 990 படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கடந்த மூன்று ஆண்டுகளின் படிவங்களை ஐஆர்எஸ் தளத்தில் எடுத்துப் படியுங்கள். பற்றாக்குறை எவ்வளவு, உயர்பதவியில் இருப்பவர்களுக்கு எவ்வளவு, நிர்வாகக் குழுவில் யார் யார் என்பது தெரியும். உங்களுக்குச் சம்பளம் தருவேன் என்பவரிடம் பணம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஜனவரி பதவி

என் கருத்து, ஜனவரியில் போகக் கூடாது. இரண்டு வார நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான டெக்சாஸ் ஆசிரியர் ஒப்பந்தங்களில் அது சரியில்லை. பாடம் தொடங்கும் நாளுக்கு 45 நாள் முன்புவரைதான் தண்டனையின்றி விலகலாம். அதன்பின் பள்ளி நிர்வாகத்தின் சம்மதமில்லாமல் நடுவில் போனால் ஒப்பந்தத்தைக் கைவிட்டதாகப் புகார் செய்யலாம், மாநிலச் சான்றிதழ் வாரியம் உங்கள் ஆசிரியர் சான்றிதழை நிறுத்திவைக்கவும் முடியும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். கோர் அடுத்த ஆண்டே தடுமாறினால் உங்களுக்குத் திரும்பிப்போக இடம் வேண்டும். அது தடுமாறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சாண்டா கிளாரா வேன்கார்ட் அளவுக்குப் பெயர் பெற்ற குழுவே 2023 சீசனில் களமிறங்கவில்லை, 2024-ல்தான் திரும்பியது.

இன்னொன்று. 'நீங்க இருந்தா மத்தவங்களும் வருவாங்க' என்பதில் ஒரு அழைப்பு இருக்கிறது, ஒரு அதிகாரமும் இல்லை. விலகிய டெக்குகளின் நம்பிக்கையை உங்கள் முகத்தைக் காட்டித் திரும்ப வாங்கப் பார்க்கிறார்கள். பதவியை ஏற்று எதையும் மாற்ற முடியாமல் போனால், அடுத்து அவர்கள் விட்டுப்போவது உங்களைத்தான்.

மனம் அங்கேயே இருக்கிறது என்றால் நிபந்தனைகளை எழுதிக் கொடுங்கள். ஜூனில், பள்ளி முறையாக முடிந்த பிறகு தொடக்கம். முதல் நாளிலிருந்து மருத்துவக் காப்பீடு. ஆட்களை எடுப்பதும் அவர்கள் சம்பளமும் உங்கள் கையில். ரிஹர்சல் முடியும் நேரம் முந்தின நாளே அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு டெக்குக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. பிள்ளைகளின் காயத்தையும் உடல்நலத்தையும் கவனிக்கும் பயிற்சியாளர் 'நிறுத்து' என்றால் இயக்குநர் உட்பட யாரும் மீற முடியாது. விலகுகிறவர்களிடம் இயக்குநர் அல்லாமல் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பேச வேண்டும். இவற்றில் பணம் செலவாகும் நிபந்தனைகளுக்கு அவர்கள் பேரம் பேசினால் பேசுங்கள். கடைசி இரண்டுக்குப் பெரிய செலவில்லை. அவற்றுக்கே தயங்கினால், நீங்கள் போகப்போவது எந்த மாதிரி இடத்துக்கு என்பது தெரிந்துவிடும்.

ஒரு கோடை விலகியிருப்பது துரோகம் என்று நினைக்கிறீர்கள். கோரில் இருக்கும் பிள்ளைகள் எப்படியும் 22 வயதில் வெளியேறுபவர்கள். அவர்களுக்கு நல்ல ஆசிரியர் தேவை, நீங்கள் ஒருவர்தான் வேண்டும் என்பதில்லை. வாத்தியத்தை விடவும் வேண்டாம். குளிர்காலத்து உள்ளரங்கத் தாளக் குழுக்கள் வார இறுதிகளில் வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றின் சீசன் ஓஹாயோவின் டேட்டனில் ஏப்ரலில் நடக்கும் போட்டியோடு முடிந்துவிடும். டிரம் பகுதிகளை எழுதிக் கொடுக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். உங்கள் கணவர் அந்த ஒரு வரியை ஒரே ஒருமுறைதான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே பேச்சை எடுங்கள். அம்மாவிடமும் பேசுங்கள், தரை அவருக்குத் தெரிந்த அளவுக்கு, நீங்கள் உருவாக்கிய பிள்ளைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்காது.

சம்பவ அறிக்கை, வழக்கறிஞர், காது, தூக்கம் இந்த நான்கும் இந்த வாரம். இயக்குநரிடம், 'நவம்பர் முகாம்வரை பதில் சொல்ல மாட்டேன், அதற்குள் என் நிபந்தனைகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும்' என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தொலைபேசியில் பேசித் தீர்க்கலாம் என்றால், பேசி முடித்த அன்றே பேசியதை மின்னஞ்சலில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள்.